இன்று அஸருக்குப் பின்

“கொஞ்சம் போனைக் குடுங்கம்மா.”

நைட்டிக்கு ஜிப் வாங்க வந்த பெண் திகைத்துப்போய்ப் பார்க்கிறாள். அளந்துகொண்டிருந்த ஜிப்பை அப்படியே மேஜைமேல் போட்டுவிட்டு அப்துல் ரசாக் கையை நீட்டியபடி நிற்கிறார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கிறது. “தப்பா நெனைக்காதீக. போட்டோ கீட்டோ எதையும் பாக்க மாட்டேன். அந்தப் புது ஆப்பை மட்டும் தெறந்து காட்டுங்க. நீங்க நம்ம ஜமாத்துப் பேஜ்ல இருக்கீகல்ல? காலைல ஒரு மவுத்துச் செய்தி போட்டேன். உங்களுக்கு வந்திருக்கான்னு பாக்கணும்.”

அவள் திறந்து கொடுக்கிறாள். ரசாக்கின் கட்டைவிரல் ஒவ்வொன்றாக மேலே தள்ளுகிறது. கவரிங் நெக்லஸ். பன்னீர் கிரேவி. மாமியாராகவும் மருமகளாகவும் ஒருத்தியே நடிக்கும் வேடிக்கை. மறுபடியும் கவரிங் நெக்லஸ். விடியற்காலையில் இறந்துபோன மனிதரின் பெயரை மட்டும் காணோம். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வரலை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பிறகு அவளிடம், “நெல்பேட்டை சுல்தான் அண்ணன் மவுத்தாயிட்டாக. இன்னைக்கி அஸர் தொழுகைக்குப் பெறகு அடக்கம். உங்க அத்தாகிட்டச் சொல்லிருங்க” என்று வாயால் சொல்லி முடித்த பிறகுதான் ஜிப்பை மறுபடி அளக்கிறார்.

தெற்குமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய தையல் சாமான் கடை. பொத்தான், நூல், கொக்கி, லேஸ், எலாஸ்டிக். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் சந்தில்தான் நிற்க வேண்டும். அறுந்துபோன சட்டைப் பொத்தானுக்கு ஜோடி தேடி வருகிறவர்களை ரசாக் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துத் துழாவுவார். அப்படியும் கிடைக்காவிட்டால் தன் சட்டையைக் குனிந்து பார்ப்பார். அதில் பொருத்தமாக ஒன்று இருந்துவிட்டால் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுத்துவிடுவார். ஊருக்கெல்லாம் பொத்தான் விற்கிற மனிதரின் சட்டையில் இரண்டு பொத்தான்கூட ஒன்றுபோல இருக்காது.

கடை வாடிக்கையாளர்களுக்கு அவர் பொத்தான் கடை பாய். தெருக்காரர்களுக்கு மவுத்துச் செய்தி சொல்கிற ரசாக் பாய். யாரும் நியமித்த வேலை அல்ல. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சாவுச் செய்தி சொல்கிறவர் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது ரசாக் மைக்கைப் பிடித்தார். குரல் தெளிவாக இருக்கிறது என்றார்கள். அப்படியே ஒட்டிக்கொண்டது. முஸ்லிம் வீடுகளில் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிற வழக்கம் கிடையாது. காலையில் இறந்தவரை மாலை நேரத்து அஸர் தொழுகையோடு அடக்கிவிடுவார்கள். செய்தி ஒரு வேளை பிந்தினால் போதும், பார்க்க வேண்டிய முகம் மண்ணுக்குள் போய்விடும்.

ஒலிபெருக்கி ஒரு காலத்தில் போதுமானதாக இருந்தது. இப்போது தெருவில் பாதிப் பேர் தெருவில் இல்லை. வீடு கட்டி ஒத்தக்கடைக்குப் போனவர்கள், ஆனையூருக்கும் வில்லாபுரத்துக்கும் போனவர்கள், பிள்ளைகளோடு துபாய்க்கே போனவர்கள். பள்ளிவாசல் குழாய் எவ்வளவு கத்தினாலும் யானைமலை அடியில் இருக்கிற ஒத்தக்கடை வரைக்கும் கேட்காது. போனில் ஒரு மெசேஜ் குரூப் தொடங்கினார்கள். அதில் காலை வணக்கமும் வெங்காய விலையும் வைத்தியக் குறிப்புமாகக் குவிந்ததில் ஆளாளுக்குச் சத்தத்தை அணைத்துவைத்தார்கள். மவுத்துச் செய்தியும் அந்தக் குவியலோடு அமுங்கிப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் புது ஆப் வந்தது. வந்த புதிதில் அது ஒழுங்குப் பிள்ளையாகத்தான் இருந்தது. இப்போது போட்டது மேலே, முன்னால் போட்டது கீழே. வேறு வம்பு கிடையாது. ரசாக் ஜமாத்தின் பேரில் ஒரு பக்கம் தொடங்கி, வீடு வீடாகப் போய், கடைக்கு வந்தவர்களின் போனை எல்லாம் வாங்கி, தானே ஆப்பை இறக்கிக் கொடுத்து எல்லோரையும் சேர்த்துவிட்டார். ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்புத் தேடுகிறவர்களைக்கூட அவர் விடவில்லை. அவர் வார்த்தையை நம்பி ஊரே அதில் ஏறி உட்கார்ந்தது.

கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் ஆப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு நேரம் என்கிற கணக்கு போயிற்று. யாருக்கு எது பிடிக்கும் என்பதை அதுவே முடிவு செய்து, பிடித்ததையே ஊட்டத் தொடங்கியது. ரசாக் போடுகிற செய்தி ஒருவருக்கு உடனே போகும், இன்னொருவருக்கு மறுநாள் போகும், மூன்றாமவருக்குப் போகவே போகாது. பெரிய ஜவுளிக்கடை முதலாளி இறந்தால் அடியில் ஆறுதல் வார்த்தைகள் குவியும். குவியக் குவிய ஆப் அதை ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டும். குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த கிழவர் இறந்தால் எழுத நாலு பேர் இல்லை. ஆகவே அந்தச் செய்தியைப் பார்க்கவும் நாலு பேர் இல்லை. பக்ரீத் சமயத்தில் கை தவறி ஒரு ஆட்டுக் கிடாயின் படம் பக்கத்தில் ஏறிவிட்டது. அதை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். “உங்கள் பதிவு பிரமாதமாகப் போகிறது” என்று ஆப்பே அவரைப் பாராட்டியது. அன்றைக்கு ரசாக் தலையில் அடித்துக்கொண்டார்.

அவருடைய சொந்த போனில் நடப்பது அதைவிடக் கொடுமை. அவர் தேடித் தேடிப் பார்ப்பது மவுத்துச் செய்தி. ஆகவே இந்த மனிதருக்குச் சாவு என்றால் கொள்ளைப் பிரியம் என்று அது தீர்மானித்துவிட்டது. திறந்த மாத்திரத்தில் எங்கோ வடக்கே கவிழ்ந்த பஸ், மொழி தெரியாத ஒரு தாயின் அழுகை, சவப்பெட்டிக்குப் பாலிஷ் போடும் தச்சர், தண்டவாளத்தில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. “ஊரு பேரு தெரியாத எழவையெல்லாம் கொண்டாந்து கொட்டுது. நம்ம தெரு மவுத்தை மட்டும் காட்ட மாட்டேங்குது” என்று மனைவி சாதிகாவிடம் புலம்புவார். சாதிகா அரிசி களைந்தபடி, “எனக்குப் பூனைக்குட்டியா வருது. ஒருநா ஒரு பூனையைப் பாத்துச் சிரிச்சுத் தொலைச்சிட்டேன். அன்னையிலருந்து வுட மாட்டேங்குது. உங்க செய்தி கட்டுன பொண்டாட்டி எனக்கே வரலைங்க” என்பார். சிரிக்கிற மாதிரிதான் சொல்வார். ரசாக்குக்குச் சிரிப்பு வராது.

விவரம் தெரிந்தவர் ஒருவர், வெறும் எழுத்தாகப் போட்டால் எடுபடாது, இறந்தவரின் சிரித்த முகத்தைப் போட்டுப் பின்னால் ஒரு பாட்டை ஓட விடுங்கள், ஆப் தானாகத் தூக்கிக்கொண்டு போகும் என்று யோசனை சொன்னார். “மவுத்துக்குப் பாட்டுப் போடச் சொல்றீகளே” என்றார் ரசாக். கோபமாகக்கூட இல்லை. ஆப்காரர்களுக்கே ஒருமுறை எழுதிப் பார்த்தார். “ஐயா, வேறு எதை எப்படிக் காட்டினாலும் சரி, இறப்புச் செய்தியை மட்டும் நேர வரிசையில் காட்டவும்.” உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று நொடியில் பதில் வந்தது. கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

இதெல்லாம் எரிச்சல். எரிச்சல் பாரமாக மாறியது காசிமாயன் வந்து நின்ற அன்றைக்கு.

காசிமாயன் டெய்லர். பிறந்தது பேரையூர்ப் பக்கம், வீடு கட்டியது ஒத்தக்கடையில். இளவயதில் இருந்து அவரும் உமர் பாரூக்கும் ஒரே தையல் கடையில் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரு சட்டைக்கு இவர் காலர் வைத்தால் அவர் கை வைப்பார். கடையை மூடிய பிறகும் இருவரும் அவரவர் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நூலும் பொத்தானும் ரசாக் கடையில்தான். ரொம்ப காலமாகத் தெருவில் யார் இறந்தாலும் ரசாக் காசிமாயனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். பக்கம் தொடங்கியபோது அவரையும் அதில் சேர்த்துவிட்டு, “இனிமே நான் போன் போட மறந்தாலும் இது மறக்காதுண்ணே” என்று சொன்னதும் ரசாக்தான்.

உமர் பாரூக் ஒரு விடியலில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ரசாக் உடனே பக்கத்தில் போட்டார். அதுதான் இருக்கிறதே என்று காசிமாயனுக்குத் தனியாகப் போன் போடவில்லை. மைக்கில் சொல்கிற அதே வாசகத்தைத்தான் எப்போதும் அப்படியே எழுதுவார். “இன்று அஸர் தொழுகைக்குப் பின் நமது மையவாடியில் நல்லடக்கம் செய்யப்படும்.” மைக்கில் சொல்கிற “இன்று” காற்றோடு அன்றைக்கே போய்விடும். அதற்குத் தேதி எதற்கு? தேதி போடும் வழக்கமே இல்லை.

காசிமாயனுக்கு மாடு என்றால் உயிர். பாலமேட்டுக் காளை, அவனியாபுரத்துக் காளை என்று அவர் போனில் நாள் முழுக்கத் திமில் குலுங்கிக்கொண்டே இருக்கும். அந்த மாடுகளுக்கு நடுவே ஆப் உமர் பாரூக்கைக் கொண்டுவந்து வைத்தது, அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில். இன்று அஸருக்குப் பின் என்று அதில் இருந்தது. எத்தனை நாள் முன்பு போட்டது என்று ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்?

உமர் பாரூக் வீட்டில் மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாகக் காசிமாயன் இறங்கினார். இரண்டு கைகளிலும் ஏந்தினாற்போலப் பெரிய ரோஜா மாலை. அழுது முகம் வீங்கியிருந்தது. தெருவில் நாற்காலிகள் இல்லாததையும் கூட்டம் இல்லாததையும் பார்த்துக் குழம்பி, ரசாக்கிடம் வந்து மெதுவான குரலில் கேட்டார்.

“பாய், எப்ப எடுக்குறாக?”

ரசாக் அந்த மாலையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே காசிமாயனுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் போனை எடுத்துத் திறந்து காட்டினார். “இன்னைக்கின்னுல்ல போட்டுருக்கு?” ரசாக் தான் எழுதியதைத் தானே படித்தார். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

உமர் பாரூக்கின் மனைவி சுஃபியா உள்ளே இருந்தபடியே, “அண்ணனை வரச் சொல்லுங்க” என்றார். மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காசிமாயனே அதை நடையில் இருந்த தையல் மிஷின் மேல் சாத்தினார். சாத்திவிட்டுச் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். யார்மீதும் அவர் கோபப்படவில்லை. “ஒருக்கா மொகத்தைப் பாத்திருக்கலாம் பாய். அம்புட்டுத்தேன்” என்றார். ரசாக் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, “விடுங்க. மிஷினு செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீக” என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரசாக் இன்றைக்கும் சொல்கிறார். ஆட்டோவில் ஏறும்போது காசிமாயன் இன்னொன்றும் சொன்னார். “அந்தக் கடையில மிச்சம் இனி நானும் டீ குடுத்த ஜமால் பாயுந்தேன். அவுகளுக்கு ஒண்ணுன்னா மட்டும் எப்படியாச்சும் சொல்லிருங்க பாய்.”

அதன் பிறகுதான் ரசாக் மற்றவர்களின் போனை வாங்கிப் பார்க்கும் மனிதராக மாறினார். செய்தியில் தேதி போடுகிறார், கிழமை போடுகிறார், மணி போடுகிறார். கடைசி வரியாக, “இதைப் பார்க்கும்போது நேரம் கடந்திருந்தால் துஆ செய்யவும்” என்று சேர்க்கிறார். மையவாடியில் இருந்து திரும்பிக் கை கால் கழுவியதும் முதல் வேலையாகப் பதிவை அழித்துவிடுகிறார். பக்கத்தையே மூடிவிட்டால் என்ன என்று சாதிகா ஒருமுறை கேட்டார். யார் யாருக்கு அது போய்ச் சேருகிறது என்பது தெரியாதபோது எப்படி மூடுவது? ஒருத்தருக்காவது நேரத்துக்குப் போய்விட்டால்? அந்த ஒருத்தரை நினைத்து மனசு கேட்கவில்லை.

ஜமால் பாய் சென்ற மாதம் ஒரு காலையில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லாத மனிதர். தங்கை வீட்டு மாடியில் இருந்தார். ரசாக் மைக்கில் சொல்லிவிட்டு, படியிறங்குவதற்குள் காசிமாயனுக்குப் போன் போட்டார். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே குரல். பக்கத்தில் செய்தியைப் போட்டுவிட்டுக் கடையைத் திறந்தார். வந்தவர்களிடம் எல்லாம் போனை வாங்கிப் பார்த்தார். ஒருவர் போனிலும் ஜமால் பாய் வரவில்லை. டீ கொடுத்துப் பிழைத்தவரின் செய்திக்கு அடியில் இரண்டொருவர்தான் ஏதோ எழுதியிருந்தார்கள்.

உச்சி வெயிலில் கனகா என்ற பெண் ரவிக்கைக் கொக்கி வாங்க வந்தாள். கட்டைப்பையில் ஒத்தக்கடை ஜவுளிக்கடையின் பெயர் இருந்தது. ரசாக் அவளிடம் போனைக் கேட்கவில்லை.

“ஒத்தக்கடையாம்மா நீங்க?”

“ஆமா பாய். வேளாண்மைக் கல்லூரிக்குப் பின்னாடி.”

“காசிமாயன்னு டெய்லர். பேரையூர்க்காரரு. தெரியுமா?”

“தெரியாதே. ஏன் பாய், என்னாச்சு?”

ரசாக் சொன்னார். ஜமால் பாயில் தொடங்கி, உமர் பாரூக்குக்குப் போய், அந்த ரோஜா மாலையில் வந்து நிறுத்தினார். கனகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “டெய்லருதான? ரெண்டு எடத்துல கேட்டாப் புடிச்சிரலாம். மேலூர் பஸ்ஸு மட்டும் கெடைக்கணும். நான் போறேன் பாய்.” கொக்கியை வாங்காமலே போய்விட்டாள். ரசாக்கும் கொடுக்க மறந்துவிட்டார்.

அஸர் தொழுகை முடிந்தது. ஜனாஸா தொழுகையும் முடிந்தது. ரசாக் ஜமால் பாயைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்தபடி தெருமுனை வரும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பின்னால் இருந்தவர் இரண்டு முறை அவர் குதிகாலில் இடித்துக்கொண்டார். வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மையவாடிக்குள் நுழைந்தபோது வேப்பமரத்து நிழல் சுவரேறியிருந்தது.

ஜமால் பாயைக் குழிக்குள் இறக்கி, வலப்பக்கமாகச் சாய்த்து, கபன் துணியின் முடிச்சுகளைத் தளர்த்தினார்கள். மேலே பரப்புகிற பலகைகளைக் கால்மாட்டில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது ரசாக். கால் மறைந்தது. இடுப்பு மறைந்தது. நெஞ்சு மறைந்தது. கடைசிப் பலகை அவர் கையில் இருந்தது. குழிக்குள் நின்ற ஆள் கையை நீட்டினார். ரசாக் கொடுக்கவில்லை.

“ரசாக் பாய், மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது” என்றார் தொழுகை நடத்திய ஹஜ்ரத் தணிவான குரலில்.

“தெரியும் ஹஜ்ரத்.”

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வாசல் பக்கம் திரும்பினார்கள். வெளியே சாலையில் ஒரு பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை. ஹஜ்ரத் மறுபடி வாயைத் திறந்தார்.

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. காசிமாயன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, எந்தப் பக்கம் என்று தெரியாமல் மண் மேடிட்ட கபுர்களுக்கு நடுவே தடுமாறிக்கொண்டு நின்றார். ஒருவர் கையை உயர்த்தி அழைத்தார்.

ரசாக் பலகையைப் புல்மேல் வைத்தார். குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, உள்ளே கைவிட்டு, ஜமால் பாயின் முகத்தில் இருந்த துணியை விலக்கிவிட்டு, ஒதுங்கி இடம் விட்டார்.